தொட்டியில் தின்று தீர்க்கும் மீன், கடலில் ஏன் தீர்ப்பதில்லை?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் கடலோர ஊர் அன்று. அங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அவ்வூரில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவர், திருச்சியில் ஒரு வீட்டில் கடல்நீர் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பவளம் வைத்த தொட்டியில் வண்ணத்துப்பூச்சி மீனை விடக் கூடாது, நாலே நாளில் கொத்தித் தீர்த்துவிடும் என்று தொட்டிக்காரர் சொன்னார். அந்த மீனும் பவளமும் கடலில் பல இலட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்துதானே இருக்கின்றன? அங்கே மட்டும் ஏன் தீரவில்லை?"

நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். விலங்கியல் துறை நண்பரிடம் அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கேள்வியைச் சற்று உருட்டிப் பார்த்தால், அதில் பாதி நம் பாடமே என்பது தெரியும். எவ்வளவு பரப்பு, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது, எவ்வளவு வேகத்தில் குறைகிறது, எது எதைவிடக் கடினமானது என்பவை எல்லாம் அளவைக் கேள்விகள். ஆகவே நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பூச்சி அல்லாத பூச்சி

பவளத்தைக் கட்டும் உயிரைப் 'பவளப் பூச்சி' என்று நம் பள்ளி நூல்கள் எழுதின. அது பூச்சியினம் அன்று. கடல் சாமந்திக்கும் இழுதுமீனுக்கும் உறவான, பை போன்ற மெல்லுடல் உயிர். பையின் வாயைச் சுற்றி விரல்கள் போன்ற உணர்கொம்புகள். அவற்றில் கொட்டும் அணுக்கள். பல இனங்களில் ஒரு பூச்சியின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அது தன் அடிப்பகுதியிலிருந்து கால்சியம் கார்பனேட்டை, அதாவது சுண்ணாம்புக் கல்லை, சுரந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஒரு பவளக் கிளை. ஊர் ஊராகச் சேர்ந்தால் பவளப்பாறை. இலங்கைத் தமிழர் இதை முருகைக்கல் என்பார்கள். நகைக்கடைச் செம்பவளம் இவற்றின் தூரத்து உறவு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது, பாறை கட்டுவதும் இல்லை.

பவளப் பூச்சியின் சதைக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் சமைக்கும் உணவில் பெரும் பங்கைப் பூச்சிக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்திலும் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

இங்கே நாம் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று. ஆளுயரப் பவளப் பாறையிலும் உயிருள்ள பகுதி, மேலே பூசினாற்போல் உள்ள சில மில்லிமீட்டர்த் தோல்தான். உள்ளே இருப்பதெல்லாம் உயிரற்ற கல். ஆகவே 'மீன் பவளத்தைத் தின்கிறது' என்று ஒருவர் சொன்னால், தோலைத் தின்கிறதா, கல்லைத் தின்கிறதா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இடையில் ஒரு செய்தி. ஆவூர் இன்று கடலுக்குத் தொலைவில் இருக்கலாம். ஆனால் வடக்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிக் கல்லக்குடிக்குப் போனால், சிமெண்ட் செய்ய வெட்டப்படும் சுண்ணாம்புக் கல்லில் ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பவளங்களின் எச்சங்களைக் காணலாம். அன்று அங்கே ஆழமற்ற, வெதுவெதுப்பான கடல் இருந்தது. நம் பகுதியில் கட்டிய வீடுகள் பலவற்றில் அந்தப் பவளம் சிமெண்டாகக் கலந்திருக்கக்கூடும்!

கொத்தும் வாயும் முத்தமிடும் வாயும்

உயிருள்ள பவளத்தைத் தின்னும் மீன்களை 2008-இல் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது 128 இனங்கள் தேறின. அவற்றில் பாதிக்கு மேல் வண்ணத்துப்பூச்சி மீன்கள். இவற்றின் விலங்கியல் பேரினப் பெயர் கீட்டோடான். கிரேக்க மொழியில் 'மயிர்ப்பல்' என்று பொருள். தூரிகை மயிர்போல் நெருங்கிய மெல்லிய பற்கள், நீண்டு குவிந்த சிறிய வாய். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கி எப்படியோ அப்படி. கல்லைத் தொடாமல் பூச்சியை மட்டும் பிடுங்கிக்கொள்ளும்.

இதைவிட விந்தையான வாய் ஒன்று உண்டு. குழாய் உதட்டு மீன் எனப்படும் சிறு மீனின் உதட்டை 2017-இல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் உவெர்த்தாஸ், டேவிட் பெல்வுட் இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காளானின் அடிப்புறத்து மடிப்புகளைப் போல் உதட்டில் மடிப்புகள். அவற்றிலிருந்து ஊறும் வழுவழுப்பான கோழை. மீன் உதட்டைப் பவளத்தின்மேல் அழுத்தி ஒரு முத்தம் வைக்கிறது. கோழை இடைவெளிகளை அடைத்துவிடுவதால் காற்றுப்புகாத மூடிபோல் ஆகிவிடுகிறது. வாய்க்குள் அழுத்தம் குறைந்ததும் பவளத்தின் கோழையும் சதையும் உள்ளே வந்துவிடுகின்றன. கொட்டும் அணுக்களிலிருந்து உதட்டைக் காப்பதும் இந்தக் கோழையே. உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்.

இப்போது தொட்டிக் கணக்குக்கு வருவோம். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி; ஒன்பது கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். அதில் உள்ளங்கை அளவுக்கு, 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பவளம். சதுர சென்டிமீட்டருக்கு 20 பூச்சி என்று வைத்தால் மொத்தம் 2,000. வண்ணத்துப்பூச்சி மீன் நிமிடத்துக்கு ஐந்து முறை கொத்துகிறது, நாளில் பத்து மணி நேரம் மேய்கிறது என்று கொள்வோம். 5 × 60 × 10 = 3,000 கொத்து. மாலை விளக்கு வைக்கும் முன்பே தொட்டியில் ஒரு பூச்சிகூடத் தொடப்படாமல் இராது. தொட்டிக்காரர் 'நாலே நாள்' என்று சொன்னது தாராளமான மதிப்பீடு!

அதே மீனைக் கடலில் விடுவோம். அது 50 சதுர மீட்டர்ப் பரப்பைத் தன் எல்லையாக வைத்துக் காக்கிறது. அதில் 20 சதுர மீட்டர் உயிருள்ள பவளம் என்று வைப்போம். இது 2,00,000 சதுர சென்டிமீட்டர். பூச்சிகள் 40 இலட்சம். நாளைக்கு 3,000 வீதம் ஒவ்வொன்றையும் ஒரு முறை தொட 1,333 நாட்கள், ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ஆகும். இத்தனைக்கும் ஒரு கொத்தில் பூச்சி முழுவதும் போய்விடுவதில்லை. கொம்பு நுனி போகும், மீண்டும் முளைக்கும். ஒரே மீன், ஒரே வாய், ஒரே பசி. மாறியது பரப்பு ஒன்றுதான்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது, எனக்கு அது பரப்பைவிட முக்கியமாகப் படுகிறது. கடலில் பவளம் குறைந்தால் மீனுக்கு உணவு குறையும். மீன் மெலியும், குஞ்சு குறையும், கூட்டம் குறையும். பவளத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். 1998-இல் உலகெங்கும் பவளங்கள் வெளுத்து மடிந்தபின், பவளத்தை மட்டுமே உண்ணும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பல இடங்களில் அருகிப்போயின. இப்படி விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்துவதை எதிர்ப் பின்னூட்டம் என்போம். இஸ்திரிப்பெட்டி சூடேறியதும் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்வது போல. வீட்டுத் தொட்டியில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் காலையும் மாலையும் இரை போடுகிறார். பவளம் அழிந்தாலும் மீன் குறைவதில்லை. பின்னூட்டக் கம்பி அறுந்துவிட்டது. மீன் பசிக்காகக் கொத்தாவிட்டாலும் பழக்கத்துக்காகக் கொத்திக்கொண்டிருக்கும்.

மீன்மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமாகாது. 255 லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்த எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 255 × 4,186, சுமார் 10.7 இலட்சம் ஜூல். வெப்பம் வெளியே போகாது என்று கொண்டால், 100 வாட் விளக்கு ஒன்று மூன்று மணி நேரத்தில் இதைச் செய்துவிடும். பவளமோ, வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே வெளுத்துவிடும் உயிர். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் தொட்டியை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வாடிச் சதை உரியும் பவளத்தை மீன் மொய்க்கிறது. பார்ப்பவர் மீன்தான் கொன்றது என்கிறார்.

கல்லைக் கடிக்கும் பல்

இதுவரை தோலைத் தின்னும் மீன்களைப் பார்த்தோம். கல்லையே கடிக்கும் மீனும் உண்டு. அது கிளிமீன். இராமேசுவரம், கீழக்கரைப் பக்கத்து மீனவர்களுக்கு நன்கு தெரிந்த மீன். பச்சையும் நீலமுமாக மினுங்கும். வாய் கிளியின் அலகு போலவே இருக்கும்.

அந்த அலகு ஒரே எலும்பு அன்று. பதினைந்து வரிசையளவில் ஏறக்குறைய ஆயிரம் சிறு பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி அமைந்தது. முன் வரிசை தேய்ந்து உதிர்ந்தால் அடுத்த வரிசை தயாராக நிற்கும். அது கடிக்கும் கல், அரகோனைட் எனப்படும் கால்சியம் கார்பனேட். மோஸ் கடினத்தன்மை அளவில் 3.5 முதல் 4 வரை. பல்லின் பொருள் ஃப்ளூரபடைட். மோஸ் அளவில் அதன் எண் 5. எண் பெரிதான பொருள் எண் சிறிதான பொருளைக் கீறும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பல்லின் எனாமலும் அபடைட் குடும்பமே. நம்முடையதில் ஹைட்ராக்சில் அயனி இருக்கும் இடத்தில் கிளிமீனுக்கு ஃப்ளூரைடு அயனி. பற்பசையில் ஃப்ளூரைடு சேர்ப்பதன் நோக்கம், நம் எனாமலின் மேற்பரப்பையும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துவதுதான்.

ஆனால் வெறும் கனிமக் கடினம் போதாது. கண்ணாடி கடினமானது, தட்டினால் நொறுங்கும். நாள் முழுதும் ஆயிரக்கணக்கான முறை கல்லைக் கடிக்கும் பல் ஏன் நொறுங்கவில்லை? 2017-இல் அமெரிக்காவில் பூபா கில்பர்ட், மாத்யூ மார்க்கஸ் முதலிய ஆய்வாளர்கள், பெர்க்லியில் உள்ள பெரிய எக்ஸ்-கதிர்க் கருவியில் பெருங்கிளிமீன் ஒன்றின் பல்லை ஆராய்ந்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஊசிப் படிகங்கள் கற்றை கற்றையாகச் சேர்ந்து, தறியில் பாவும் ஊடும் போல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னியிருந்தன. பரமக்குடியிலோ காஞ்சிபுரத்திலோ தறியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நூல் அறுந்தாலும் துணி கிழிந்துவிடாது. விரிசல் ஓட நேர்வழி கிடைக்காது. பல்லின் அடியில் இந்த 'நூல்' 5 மைக்ரான் தடிமன். கடிக்கும் நுனியில் 2 மைக்ரான். நூல் மெலிய மெலியக் கடினம் கூடுகிறது.

நுனியில் அளந்த கடினத்தன்மை 7.3 கிகா பாஸ்கல். இந்த எண் வெறுமே கண்ணில் பட்டு ஓடிவிடும். இப்படிப் பாருங்கள்: ஒரு சதுர மில்லிமீட்டரில், அதாவது ஒரு குண்டூசித் தலையளவு இடத்தில், சுமார் 745 கிலோகிராம் எடையை ஏற்றுவதற்கு ஒப்பான அழுத்தம். உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் அளந்து பார்த்தவற்றுள் இது மிகக் கடினமானவற்றில் ஒன்று.

அலகு உடைத்த கல், தொண்டையில் இருக்கும் இன்னொரு பல் தொகுதிக்குப் போகிறது. அது திரிகை. அங்கே கல் மாவாகிறது. கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. மாவு நேரே குடலுக்குப் போய், வேண்டியது உறிஞ்சப்பட்டபின் மணலாக வெளியேறுகிறது.

கல்லில் என்ன சத்து?

1836 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் இறங்கியபோது கிளிமீன்களைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். குடல் முழுதும் மஞ்சளான சுண்ணாம்புச் சேறு. இவை பவளத்தை மட்டுமே தின்று வாழ்கின்றன என்று எழுதினார். அவர் பார்த்தது சரி. ஆனால் குடலில் இருப்பதெல்லாம் உணவாகிவிடாது. அரிசியோடு வரும் கல்லையும் உமியையும் பார்த்து, இவர்கள் கல் தின்கிறவர்கள் என்று ஒருவர் எழுதினால் எப்படி?

கிளிமீன்களின் கடி பெரும்பாலும் விழுவது உயிருள்ள பவளத்தின்மேல் அன்று. இறந்துபோன, பாசி படர்ந்த பாறையின்மேல். நெடுங்காலம் அவை பாசிக்காகக் கடிப்பதாகக் கருதப்பட்டது. 2016-இல் நியூசிலாந்தின் கெண்டால் கிளெமென்ட்ஸும் மற்றவர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். பாறையின் மேலும் அதன் துளைகளுக்குள்ளும் நீலப்பசும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, புரதம் நிறைந்தவை, கிளிமீன் தேடுவது அவற்றை என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் கல்லுக்குள் புகுந்திருக்கும் உணவை எடுக்கக் கல்லை உடைக்கத்தானே வேண்டும்? தேங்காய் தின்ன ஓட்டை உடைப்பதுபோல். எல்லாக் கிளிமீனும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பசிபிக்கின் கூம்புத்தலைக் கிளிமீன் ஆண்டுக்கு ஐந்து டன்னுக்கு மேல் கல் கடிக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி உயிருள்ள பவளம்.

பல் ஆராயப்பட்ட அந்தப் பெருங்கிளிமீன் ஆஸ்திரேலியக் கடலில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் கல்லை அரைக்கிறது என்று 1995-இல் பெல்வுட் கணக்கிட்டார். செழித்த பவளப்பாறை சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் 4 கிலோகிராம் சுண்ணாம்பு கட்டுகிறது என்று கொண்டால், இந்த ஒரு மீனின் செலவை ஈடுகட்ட 250 சதுர மீட்டர் தேவை. நம் தொட்டியின் தரைப்பரப்போ அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல்!

இந்தச் செலவு வீண் செலவும் அன்று. மாலத்தீவில் வக்காரு என்னும் சிறு தீவைச் சுற்றி 2015-இல் கிறிஸ் பெர்ரி குழுவினர் கணக்கெடுத்தபோது, அங்கு உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களின் வழியாக வந்தது தெரிந்தது. தீவே மீனின் கழிவால் ஆனது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அங்கே தென்னை நிற்பதும் அந்த மணலில்தான். இன்னொரு பயன், பாசியைச் சுரண்டுவது. பவளக் குஞ்சு மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கல் வேண்டும். பாசி மெத்தையாகப் படர்ந்த இடத்தில் அது பிழைக்காது.

கடி நின்றுபோனால்

ஜமைக்காத் தீவைச் சுற்றி மீன்பிடிப்பு அளவு கடந்து போய்ப் பாசி மேயும் மீன்கள் அரிதாயின. அந்த வேலையைக் கடல் முள்ளெலிகள் பார்த்துக்கொண்டிருந்தன. 1980-இல் பெரும்புயல் பவளங்களை உடைத்தது. 1983-இல் நோய் வந்து முள்ளெலிகளும் மடிந்தன. 1977-இல் பாறைப் பரப்பில் 52 விழுக்காடாக இருந்த பவளம், 1990-களின் தொடக்கத்தில் 3 விழுக்காடு. பாசி 4 விழுக்காட்டிலிருந்து 92. டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் வெளியிட்ட கணக்கு இது. பவளத்தைக் கடிக்கும் மீன் இல்லாமல் போனதும் பவளம் செழிக்கவில்லை, மூச்சுத் திணறியது. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாடு 2009-இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது.

நம் கடலுக்கு வருவோம். இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். இப்பகுதியில் 117 வகைக் கற்பவளங்கள் பதிவாகியுள்ளன. 1986-இல் கடல் தேசியப் பூங்கா. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தீவு ஒன்றின் பெயர் காரைச்சல்லி, இன்னொன்று விலங்குச்சல்லி. கட்டட வேலையில் நாம் சொல்லும் சல்லிதான் நினைவுக்கு வருகிறது. எந்தக் கிளிமீனும் கடிக்காத வேகத்தில் கடப்பாறை கடித்தது. 2005 வாக்கில்தான் இது நின்றது. 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. அலையைத் தடுத்த பார் போனபின் மணல் தீவு எப்படி நிற்கும்?

அடுத்து வெப்பம். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் கடுமையாக வெளுத்தன. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து சுமார் 23 விழுக்காடாக இறங்கியதாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டுள்ளனர். நம் கணக்கில் 20 சதுர மீட்டர் என்று வைத்தோமே, அதை 10 ஆக்கிப் பாருங்கள். 5 ஆக்கிப் பாருங்கள். மீனின் வாய் மாறவில்லை; ஆனால் கடலின் அந்த மூலை மெல்லத் தொட்டியாகிக்கொண்டிருக்கிறது. அதே வேளையில் பாசி மேயும் கிளிமீனும் ஓராவும் கூடுகளிலும் வலைகளிலும் அளவுக்கு மேல் பிடிபட்டால் ஜமைக்காவின் கதை இந்தப் பக்கமும் வரலாம். 2008-இல் குருசடைத் தீவருகே, வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி பவளங்களின் மேல் போர்வையாகப் படர்ந்தது பதிவாகியுள்ளது. ஒரு பக்கம் கடிப்பவை அதிகமாகிவிடுமோ என்ற கவலை, மறுபக்கம் கடிப்பவை போய்விடுமோ என்ற கவலை. இரண்டும் முரணாகத் தோன்றினாலும் இரண்டும் உண்மையே. எந்த மீன் எதைக் கடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆவூர் மாணவருக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. அவர் தாமே ஒரு தொட்டி வைக்க விரும்புகிறார். நம் நாட்டில் கற்பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பைப் பெற்றவை. கடலிலிருந்து உயிரோடு எடுப்பதும், இறந்த துண்டை அலங்காரத்துக்கு வாங்குவதும் குற்றம். ஆகவே பவளத்தை மறந்துவிடட்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த மீனைச் சாதாரணக் கல்லும் சுட்ட மண் குழாயும் வைத்து வளர்க்கலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு வீதம் 255 லிட்டருக்கு 9 கிலோகிராம் கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. நீர் ஆவியாகிக் குறைந்தால் நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தொட்டி இல்லாதவர்களும் செய்து பார்க்க ஒரு சோதனை. இராமேசுவரம் போகும்போது பொதுக் கடற்கரையில் ஒரு பிடி மணல் எடுத்து வாருங்கள். பூங்காவுக்கு உட்பட்ட தீவுகளில் எதையும் எடுக்கக் கூடாது. நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, பள்ளி ஆய்வகத் தராசில் 10 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் உடனிருக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நுரைத்துக் கிளம்புவது கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கியபின் எஞ்சியதை வடிகட்டி, அலசி, காயவைத்து மீண்டும் நிறுங்கள். குறைந்த எடை சுண்ணாம்பு. எஞ்சியது பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்த குவார்ட்ஸ். அமிலம் ஊற்றுவதற்கு முன் சில துகள்களைத் தனியே எடுத்து வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். வழவழப்பாக வளைந்தது கிளிஞ்சல் துண்டு. நட்சத்திரக் கண்கள் போல் துளைகள் உள்ளது பவளம். அது அலையில் உடைந்ததா, ஒரு மீனின் திரிகையில் அரைபட்டதா என்பதை உருப்பெருக்கி சொல்லாது.